அக்கா மூச்சு விடும் இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

நித்திலா வந்துவிட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு என்றால் அவளுக்கு இந்த வீடுதான். என் தங்கை இறந்துபோனபோது இவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இங்கேதான் வளர்ந்தாள். மாப்பிள்ளை தினகர் திருப்பூரிலிருந்து கார் பிடித்துக் கூட்டிவந்து, சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். வளைகாப்பு வளையல்கள் இரண்டு கையிலும் நிறைய. அவள் நாற்காலியை விட்டு எழுந்தால் சமையலறையில் நிற்கும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

பின்னறையைக் காலி செய்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆள் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

மத்தியானம் அவள் போனை வாங்கி, கர்ப்பிணிகளுக்காக நான் பேசிப் பதிவு செய்த 'அன்பு அக்கா' எண்ணுக்கு நானே ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். எந்தெந்த ஊர்ப் பெண்களோ என் குரலைக் கேட்கிறார்கள், இவளும் கேட்கட்டுமே. உடனே திரும்ப அழைப்பு வந்தது. "வணக்கம்மா, நான் உங்க அன்பு அக்கா பேசுறேன்." நித்திலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பெரியம்மா, போன்ல நீங்க வேற ஆளு! வீட்டுல நீங்க இப்பிடிக் கொஞ்சிப் பேசி நான் கேட்டதே இல்லையே."

"அதுக்குச் சம்பளம் உண்டு, இதுக்கு இல்ல" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

ஆகஸ்ட் 9, சனி

மழை. கொசுவலை ஆள் வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்டூடியோ. பிரசவத்துக்குப் பிறகு வரும் வாரங்களுக்கான பேச்சுகளை இன்று பதிவு செய்தோம். வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராக இருந்த காலத்தில் மாதத்தில் சில நாட்கள்தான் பேசக் கிடைக்கும். யார் கேட்டார்கள் என்றும் தெரியாது. இதில் ஒரு பெண் மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அதற்குப் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு 'அன்பு அக்கா'வாக நானே அவளைக் கூப்பிடுகிறேன். செலவு டெல்வினா கம்பெனியுடையது. குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு விளம்பரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. நாங்கள் செய்வதும் இல்லை. தாய்மார்கள் குடிக்கும் சத்துமாவின் பெயர் மட்டும்தான் கடைசியில் வரும். பவுடருக்கும் அதே பெயர், அதே மஞ்சள் டின் என்பது வேறு விஷயம்.

சென்னையிலிருந்து ரோஷன் வந்திருந்தார். விளம்பர ஏஜென்சிக்காரர், நல்ல பையன், 'மேடம்' இல்லாமல் பேசமாட்டார். ஒரு இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப நிறுத்தினார்.

"'தாய்ப்பால்தான் சிறந்தது.' அங்க நிறுத்துங்க மேடம். ஒரு மூச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி. அப்புறம்தான் 'ஆனா'."

"எழுத்துல அங்க ஒண்ணும் இல்லையே?"

"எழுத்துல இருக்காது மேடம். காதுலதான் இருக்கணும்."

மாதிரிக்கு ஒன்று போட்டுக் காட்டினார். கென்யாவில் இதே வேலையைச் செய்யும் பெண்ணின் குரல். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் மூச்சு விட்ட இடம் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ எனக்குத் தெரிந்தவள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

பிறகு நான் சொன்னேன்: "தாய்ப்பால்தான் சிறந்தது." மூச்சு. "ஆனா, எல்லா அம்மாவுக்கும் போதுமான பால் ஊறுறதில்ல. குடிச்ச பிறகும் பாப்பா அழுதா, அது உங்க தப்பு இல்லம்மா. டாக்டர்கிட்ட வேற வழி கேளுங்க."

ரோஷன் கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கும் நிறைவாக இருந்தது. ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தால் ஒரு பொய்யும் இல்லை. 'அது உங்க தப்பு இல்லம்மா' என்ற வரி எனக்குப் பிடித்தது. பெண்களிடம் அதை யாரும் சொல்வதில்லை. என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். வேறொன்றும் எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. கொசுவலையும் அடித்தாயிற்று. துணி துவைத்து மாளவில்லை. பத்து மணிக்கு அன்பு அக்கா கூப்பிட்டாள். நான் நித்திலாவின் எதிரிலேயே நாப்கின் மடித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு பெரியம்மா எனக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பாப்பா சாயங்காலம் ஆனால் அழுகிறாள். குடிக்கிறாள், விடுகிறாள், அழுகிறாள்.

"பெரியம்மா, எனக்குப் பால் பத்தலையோ?"

"அதெல்லாம் பத்தும். நீ போட்டுக்கிட்டே இரு."

"சரியாத்தான் பிடிச்சிருக்கேனா, பாருங்க."

பார்த்தேன். தலையணையை மாற்றி வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கு எப்படித் தெரியும்? பூண்டு நிறையப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தினகர் வந்திருந்தார். பாப்பாவின் அழுகையைக் கேட்டுப் பயந்துபோய், மெடிக்கல் ஷாப்புக்குப் போய் மஞ்சள் டின்னும் பாட்டிலும் வாங்கிவந்துவிட்டார். டாக்டரைக் கேட்கவில்லையா என்றேன். "அக்காவே சொல்றாங்களே அத்தை, வேற வழி இருக்குன்னு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாப்பா பாட்டில் முழுக்கக் குடித்துவிட்டு வெகுநேரம் தூங்கினாள். வீட்டில் எல்லோருமே தூங்கினோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

இவர் காலை நடை முடிந்து டீக்கடையில் டெல்வினா பிஸ்கட் ரெண்டை டீயில் முக்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். இன்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"வத்சு, பிஸ்கட் இல்லங்கிறான். ஜாடியவே எடுத்துட்டான். டெல்வினா சாமான் எதையும் விக்க மாட்டானாம். பன்னத் திங்கச் சொல்றான்."

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பெண்கள் ஆரம்பித்ததாம். சரம் கட்டும் ஒரு பெண்ணின் குழந்தை பவுடர் பால் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறது. டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று தண்ணீரைக் கூட்டிக் கரைத்திருக்கிறாள். அதற்காக அந்தக் கம்பெனியின் பிஸ்கட், சோப்பு, மாவு எதையும் யாரும் வாங்கக் கூடாதென்று கடை கடையாகப் போய்ச் சொல்கிறார்களாம். அந்தக் கம்பெனியின் சொந்த நாட்டில் இப்படித் தாய்மாருக்குப் போன் போட முடியாது, நம்மைப் போன்ற நாடுகளில்தான் போடுகிறார்கள் என்று நோட்டீஸ் வேறு.

எப்படிக் கரைப்பது என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது. படிக்காமல் கரைத்தால் கம்பெனி என்ன செய்யும்? இவரிடம் சொன்னேன். இவர் பன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பாப்பா இப்போது பாட்டிலுக்குத்தான் வாய் திறக்கிறாள். நித்திலாவுக்கு மார்பில் கனமே இல்லையாம். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. "டின்னக் கொஞ்சம் நிறுத்திப் பாரேன். உனக்கு ஊறும்டி, பத்தும்" என்றேன்.

அவள் நிதானமாகத்தான் பேசினாள். கோபமே இல்லை.

"நீங்க என்னயச் சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்றீங்க பெரியம்மா. அம்மா இல்லாத புள்ளன்னு சின்னதுலருந்து எல்லாத்துக்கும் 'சரியாயிரும், சரியாயிரும்'னுதான் சொல்லியிருக்கீங்க. போன்ல அப்பிடி இல்ல. அங்க ஊருக்கே சொல்றீங்க. அதுதான உண்மையா இருக்கும்?"

"அது யாரோ எழுதிக் குடுத்தது."

"தெரியும். ஆனா அந்த 'ஆனா' சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு நிமிஷம் தயங்குறீங்கல்ல? அது யாரும் எழுதிக் குடுத்தது இல்ல. சொல்ல மனசு வராமச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்க குரலு எனக்குத் தெரியாதா?"

ரசத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டேன். பாத்திரம் அடி கருகிவிட்டது. தேய்த்தும் போகவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையிலிருந்து பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. பெரியாஸ்பத்திரி.

செப்டம்பர் 13, சனி

டிரிப்ஸ் ஏறுகிறது. இவ்வளவு சின்னக் கையில் ஊசி குத்த இடம் தேடி இரண்டு பேர் நின்றார்கள். ஆபத்து இன்னும் தாண்டவில்லை என்றார் டாக்டர்.

பாப்பாவுக்கு மலம் இறுகிப்போகிறது என்று நித்திலா சில நாட்களாகப் பாலில் தண்ணீரைக் கூட்டியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. எம்.காம் படித்த பெண். டின்னில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவள் இல்லை.

பத்து மணிக்கு வார்டில் ஒவ்வொன்றாகப் போன்கள் அடித்தன. பக்கத்துக் கட்டில் பெண் ஸ்பீக்கரில் போட்டாள். "வணக்கம்மா, நான் உங்க அன்பு அக்கா பேசுறேன்." இன்னொரு கட்டிலிலிருந்தும் அதே குரல், கொஞ்சம் பின்னால். ஜன்னலோரத்திலிருந்து மூன்றாவது.

ஜாக்குலின் சிஸ்டர் ஊசித் தட்டோடு திரும்பினார். "அதை ஆஃப் பண்ணுங்கம்மா! இந்த அக்கா மட்டும் ஒருநாள் என் வார்டுக்கு வரட்டும். இத்தனை புள்ளைங்களையும் அவ மடியில கொண்டு போட்டுடறேன், அவளே பாத்துக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நான் வெந்நீர் கேட்கத்தான் எழுந்திருந்தேன். வாயைத் திறக்காமல் ஃப்ளாஸ்க்கை நீட்டினேன். இன்று முழுவதும் பேசவில்லை. தொண்டை சரியில்லை.

சிஸ்டர் நித்திலாவிடம், "வத்திப்போச்சுன்னு யாரு சொன்னா? கேக்கக் கேக்கத்தான் குடுக்கும். பாட்டிலத் தூக்கிப் போடு. கறந்து பாலாடைச் சங்குல குடு. தெம்பு வந்ததும் மார்ல வை. குடிக்குதோ இல்லையோ, வச்சுக்கிட்டே இரு" என்றார். குழந்தையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, வாய் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று அவளுடைய கையைப் பிடித்தே காட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தொண்டை இன்னும் சரியாகவில்லை.

தினகர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இவ நம்பர் அந்தக் கம்பெனிக்கு எப்படிப் போச்சு? யாரு குடுத்தா?" என்றார் பொதுவாக.

"ஸ்கேன் சென்டர்ல குடுத்திருப்பாங்க" என்றேன். அங்கெல்லாம் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

நித்திலா என்னைப் பார்த்தாள். பிறகு பாப்பாவின் துணியை இழுத்துவிட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். பாப்பா பாலாடையை நாக்கால் துழாவிக் குடிக்கிறாள். பாதி கழுத்தில் வழிகிறது. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறுகிறாள். நித்திலாவும் சேர்ந்து அழுகிறாள். கறந்தால் பாலாடையின் அடி நனையும் அளவுக்குத்தான் வருகிறது. மிச்சத்துக்கு டின்தான், அளவு பார்த்து, காய்ச்சி ஆறிய நீரில் நானே கரைக்கிறேன். வீட்டிலிருந்து அந்த மஞ்சள் நிறம் போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ரோஷன் போன் செய்தார். மதுரைப் பக்கம் கடைக்காரர்கள் சரக்கு எடுக்க மறுக்கிறார்களாம். "வதந்திகளை நம்பாதீங்கம்மா" என்று ஒரு புதிய பேச்சு, அவசரமாக வேண்டுமாம்.

"தொண்டை சரியில்ல ரோஷன். பழசையும் நிறுத்திடுங்க. என் குரல் அதுல வேண்டாம்."

"அது முடியாது மேடம். குரல் எங்களோடது, கையெழுத்து போட்டிருக்கீங்க. புதுசுக்கும் நீங்க வந்தா நல்லது. வரலைன்னாலும் பரவால்ல, உங்க பழைய பதிவுகளை வச்சு கம்ப்யூட்டர்லயே பேச வச்சுக்கலாம்." பிறகு உண்மையான அக்கறையோடு, "வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளிங்க மேடம்" என்றார்.

கொப்பளித்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூ வாங்க மாட்டுத்தாவணி போனேன். பூ நம் தெருவிலேயே கிடைக்கும். போனேன், அவ்வளவுதான்.

மார்க்கெட் வாசலில் கூட்டம். மடியில் நாரும் பூவுமாகப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கவிழ்த்த பிளாஸ்டிக் கூடை மேல் ஒருத்தி நின்றாள். சுருளியம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் மகளின் குழந்தைதான் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனது என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். சுருளியம்மாவின் ஒரு கையில் போன், ஒரு கையில் மைக்.

"பத்தாயிருச்சு! அக்கா வருவா, எல்லாம் வாய மூடுங்கடி!"

போன் அடித்தது. மைக்கை அதில் வைத்தாள். மார்க்கெட் முழுக்க நான்.

"வணக்கம்மா, நான் உங்க அன்பு அக்கா பேசுறேன்."

"வாடி என் அக்கா! வந்து சரம் கட்டு வா!"

"உங்க பாப்பா எப்படி இருக்காங்க?"

"உன் புண்ணியத்துல டிரிப்ஸ் ஏறுதுடி!"

ஒரே சிரிப்பு. நானும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது என் குரல், "தாய்ப்பால்தான் சிறந்தது" என்றது.

மூச்சு.

யாரும் பேசவில்லை. இவ்வளவு நேரம் ஏசியவர்களும் பேசவில்லை. நார் சுற்றும் விரல்கள் நின்றன. எல்லோரும் அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் சொல்லாமலே அவர்களைப் பிடித்து வைத்திருந்தேன்.

"ஆனா" என்றது குரல். மறுபடி கூச்சல்.

"அந்த எடத்துல கட் பண்ணிருங்க" என்றேன்.

சத்தமாகச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் முன்வரிசை திரும்பியது. பிறகு அடுத்த வரிசை. சுருளியம்மா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு தாயி நீ? இன்னொருக்கா பேசு."

"நான்தான் அது."

பிறகு பின்னாலிருந்து ஒருத்தி, "போன்ல நல்லா கொழுகொழுன்னு இருந்தா, நேர்ல என்னடி இப்பிடி வத்தலா இருக்கா!" என்றாள். இன்னொருத்தி, "அந்தக் கூடைய எடுத்து மண்டையில போடுங்கடி" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு எத்தன புள்ள?" என்றாள் சுருளியம்மா.

"இல்ல."

அவள் மைக்கைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி மகளுக்குப் பொறந்திருக்கு. பெரியாஸ்பத்திரியிலருந்து புதன்கிழமைதான் வீட்டுக்கு வந்துச்சு. அதே பவுடரு. என் பேச்சக் கேட்டுத்தான்."

சுருளியம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். "இப்ப எப்பிடி இருக்கு?"

"உயிர் தப்பிருச்சு. மார்ல குடிக்க மாட்டேங்குது."

"குடிக்கும்" என்றாள். பிறகு மைக்கை நீட்டினாள். "அங்கன சொன்னத இங்கன சொல்லு."

வானொலியில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இந்த மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அது என் குரலுதான். அவங்ககிட்ட மாட்டிக்கிச்சு. நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேங்கிறாங்க. நாளைக்கும் பத்து மணிக்கு வருவேன். தாய்ப்பால்தான் சிறந்ததுன்னு சொல்லுவேன். அது வரைக்கும் உண்மை. அப்புறம் ஒரு மூச்சு விடுவேன். அது உங்க மேல உள்ள பிரியத்துல விட்ட மூச்சு இல்ல. விடச் சொல்லி விட்டது. நான் மூச்சு விட்டதும் கட் பண்ணிருங்க."

"சொல்லிக் காட்டு" என்றாள் ஒருத்தி.

"தாய்ப்பால்தான் சிறந்தது."

"கட்டு!" என்று மார்க்கெட்டே கத்தியது. கூடையை மண்டையில் போடச் சொன்னவளும் கத்தினாள். ஊரில் உள்ள அண்ணி, கொழுந்தியாளுக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே போன்களை எடுத்தார்கள்.

கிளம்பும்போது சுருளியம்மா ஒரு முழம் மல்லிகையை என் கையில் திணித்தாள். "நீ வச்சுக்க. பால் குடுக்குற புள்ள பக்கம் கொண்டு போயிராத, பால் வத்தும்பாங்க."

பூவை வாசலில் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று பாப்பா முகத்தைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு தூங்கிவிட்டாள். நித்திலா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

ரோஷன் கூப்பிட்டார். "ஒரு டவுட் மேடம். மதுரைப் பக்கம் கால் எல்லாம் ஒரே இடத்துல கட் ஆகுது. டெக்னிக்கல் டீம் மண்டையப் பிச்சிக்கிறாங்க. ஃபைல்ல ஏதாவது கோளாறா இருக்குமா?"

"எந்த இடத்துல?"

"அந்த 'ஆனா'க்கு முன்னாடி."

"கோளாறு ஒண்ணும் இல்ல ரோஷன்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குரல் மாறியது. "அப்போ அந்த கேப்பையே எடுத்துடுவோம் மேடம். ஒட்டிப் போட்டுடலாம்."

"போடுங்க. அப்புறம் அது விளம்பரம் மாதிரிதான் இருக்கும். யாரும் நம்ப மாட்டாங்க."

"தொண்டை சரியாயிடுச்சு போல மேடம்" என்றார் கடைசியில்.

"ஆயிடுச்சு" என்றேன். கென்யாவில் பேசும் அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

தினகர் வந்திருந்தார். காபி கொடுத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். "மாப்பிள்ளை, ஸ்கேன் சென்டர் இல்ல. அவ போன்ல இருந்து நான்தான் மிஸ்டு கால் குடுத்தேன். பெருமைக்குக் குடுத்தேன்."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டின்ன வாங்கிட்டு வந்தது நான் அத்தை" என்றார். காபியை முழுக்கக் குடிக்கவில்லை. சரியாகிவிடும் என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

பத்து மணிக்கு நித்திலாவின் போன் அடித்தது. பாப்பா மார்பில் இருந்தாள். நித்திலா எண்ணைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் பெரியம்மா" என்று என்னிடம் நீட்டினாள்.

எடுத்தேன். இன்னும் அந்த இடத்தை ஒட்டிப் போடவில்லை. அன்பு அக்கா எனக்கு வணக்கம் சொன்னாள், பாப்பாவை விசாரித்தாள். தாய்ப்பால்தான் சிறந்தது என்றாள். பிறகு மூச்சு விட்டாள்.

அறையில் வேறு சத்தமே இல்லை. அந்த இடைவெளிக்குள், பக்கத்தில், மடக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

கட் செய்தேன்.